ஆபேலிடம் யார் கேட்டார்கள்?

பைபிளில் முதல் காணிக்கை வருவது ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில். காயீன் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவருகிறான். தம்பி ஆபேல் மந்தையின் தலையீற்றுகளையும் அவற்றின் கொழுப்பையும் கொண்டுவருகிறான். தம்பியுடையது ஏற்கப்படுகிறது, அண்ணனுடையது ஏற்கப்படவில்லை. அதன் பிறகு நடந்த கொலையைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசித் தீர்த்துவிட்டார்கள். அதற்கு முந்தைய கேள்விதான் அதிகம் தொடப்படாமல் கிடக்கிறது: ஆட்டைக் கொண்டுவா என்று ஆபேலிடம் யார் கேட்டார்கள்?

கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. முந்தைய மூன்று அதிகாரங்களில் கடவுள் கட்டளைகள் இடுகிறார், விலக்குகள் சொல்கிறார், தண்டனையும் தருகிறார். பலி கொடு என்று மட்டும் சொல்லவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகத் தரப்பட்டவை விதை தரும் பயிர்களும் கனி தரும் மரங்களும்தான். இறைச்சி தின்ன அனுமதி கிடைப்பது வெள்ளம் வடிந்த பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில். ஆக, கறி சாப்பிடாத ஓர் உலகத்தில் ஆபேல் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான். பாலுக்கும் கம்பளிக்கும் மேய்த்தான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கொழுப்பை எடுத்துப் படைக்க வேண்டுமென்றால் ஆட்டை அறுத்தாக வேண்டுமே!

கதையைச் சொன்னவருக்கு இதெல்லாம் உறுத்தவே இல்லை. கடவுளுக்கு ஆடு கொடுப்பது அவருக்கும் அவர் கதையைக் கேட்டவர்களுக்கும் விளக்கமே வேண்டாத காரியம். ஆபிரகாம் மகனைப் பலியிட அழைத்துப்போகும் கதையிலும் அப்படித்தான். விறகைச் சுமந்து மலையேறும் ஈசாக்கு, விறகும் நெருப்பும் இருக்க ஆட்டைக் காணோமே என்றுதான் குழம்புகிறான். பலிக்கு என்னென்ன வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது. நரபலிக்கு மாற்றாக வந்ததுதான் விலங்குப் பலி என்பதற்கு இந்தக் கதையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் பையனின் இந்தக் குழப்பத்தைக் கவனிப்பதில்லை.

நோவாவின் பேழைக்கு வருவோம். கையில் பைபிள் இருந்தால் ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தின் 19ஆம் வசனத்தையும் ஏழாம் அதிகாரத்தின் 2ஆம் வசனத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதலாவதில் எல்லா உயிர்களிலும் ஒவ்வொரு ஜோடி. இரண்டாவதில் சுத்தமான விலங்குகளில் ஏழேழு ஜோடி, சுத்தமில்லாதவற்றில் மட்டும் ஒரு ஜோடி. ஒரே பேழைக்கு இரண்டு கணக்குகள். எழுதியவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட்டால் நல்லதொரு தடயம் கைநழுவிப் போகும்.

இரண்டு பழைய கதைகள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட விளக்கம். இந்த வாதத்துக்குத் திடமான உருவம் கொடுத்தவர் ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசன். அவருடைய நூல் வந்த ஆண்டு 1878. ஏழு ஜோடி சொல்லும் கதையில், கரை இறங்கியதும் நோவா பலிபீடம் கட்டிச் சுத்தமான விலங்குகளை எரிக்கிறார். ஒரு ஜோடி சொல்லும் கதையிலோ பலியே கிடையாது. நேராக வானவில்லும் உடன்படிக்கையும்தான். அதில் பலி இருக்க முடியாது என்பதுதான் விஷயம். உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரு கிடாவும் ஒரு பெட்டையும். அதில் ஒன்றை நெருப்பில் போட்டால் செம்மறி இனமே அன்றோடு முடிந்தது.

இந்த இரண்டாவது கதை ஆசாரியர் மரபைச் சேர்ந்தது. அந்த மரபின் பகுதிகளைத் தனியே பிரித்துத் தொடர்ந்து படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆதாம், நோவா, ஆபிரகாம் என்று எந்தக் கட்டத்திலும் பலிபீடமே இல்லை. சீனாய் மலையடிவாரத்தில் ஆசரிப்புக் கூடாரம் எழுந்து, ஆரோன் ஆசாரியனாக அபிஷேகம் பெற்ற பிறகுதான் பீடத்தில் முதல் நெருப்பு. ஆசாரியன் இல்லாமல் பலி ஏது என்பது அவர்கள் கட்சி. தொழில் பாசம் என்று லேசாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் பலி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே நூலுக்குள் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஆதியிலிருந்தே மனிதன் தானாகக் கொடுத்து வந்தான் என்பது ஒன்று. கடவுள் சீனாயில் ஏற்படுத்தினார் என்பது மற்றது. தொகுத்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள், ஒன்றை வெட்டவில்லை.

மூன்றாவது பதில் 1872இல் லண்டனில் கிடைத்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் ஸ்மித். பணநோட்டுக்கு அச்சுத் தகடு செதுக்கும் தொழில் பழகியவர், ஆப்பெழுத்தைத் தானே கற்றுக்கொண்டவர். ஒரு பலகையில் கப்பலும் வெள்ளமும் கரை தேடப் பறக்கவிட்ட பறவையும் வந்தன. கில்காமேஷ் காவியத்தின் பதினோராவது பலகை அது. அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி அவர் அதை அறிஞர் சபை ஒன்றில் வாசித்தபோது பிரதமர் கிளாட்ஸ்டன் கூட வந்து உட்கார்ந்திருந்தார்.

வெள்ளக் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் வரும் காட்சி. பாபிலோனிய நோவாவான உத்னபிஷ்டிம் கரை இறங்கியதும் பலியிடுகிறான், வாசனை மேலே போகிறது, தேவர்கள் ஈக்களைப்போல வந்து மொய்க்கிறார்கள். இதற்கு மூத்த கதையான அத்ராஹாசிஸில் காரணமும் இருக்கிறது. மனிதர்கள் வெள்ளத்தில் அழிந்ததால் படையல் நின்றுபோய், தேவர்கள் பசியிலும் தாகத்திலும் தவித்துக் கிடந்தார்கள். ஆதியாகமத்திலும் நோவாவின் பலிப்புகையைக் கடவுள் முகர்கிறார். ஆனால் பசி இல்லை, ஈ மொய்ப்பதும் இல்லை. முகர்வதோடு நின்றுவிடுகிறது. பழைய காட்சியை எடுத்துக்கொண்டு அதிலிருந்த வயிற்றை மட்டும் நீக்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

மெசப்பொத்தேமியாவில் கோயில் என்பது தேவனின் வீடு, பலி என்பது அவனுடைய சாப்பாடு. ஊருக் நகரத்துப் பலகை ஒன்று தேவர்களுக்கு நாள்தோறும் வைக்க வேண்டிய உணவைப் பட்டியல் போடுகிறது. காலையில் பெரிய விருந்தும் சிறிய விருந்தும், மாலையிலும் அப்படியே. இரண்டு ஆண்டு பார்லி தின்று கொழுத்த செம்மறி, வாத்து, முட்டை, ரொட்டி, பேரீச்சம்பழம், பீர் என்று நீள்கிறது பட்டியல். இப்போது எண்ணாகமம் 28ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, அந்தி சாயும்போது ஒன்று. ஒவ்வொன்றுடனும் எண்ணெயில் பிசைந்த மாவு, ஊற்றுவதற்கு மது. கறி, ரொட்டி, பானம் மூன்றும் சேர்ந்தால் அது ஒருவேளைச் சாப்பாடுதான். ஐம்பதாம் சங்கீதத்தில் கடவுள், தமக்குப் பசித்தாலும் மனிதனிடம் வந்து கேட்கப் போவதில்லை என்கிறார். கடவுளுக்குப் பசிக்கும் என்று யாரோ நம்பிக்கொண்டிருந்தால்தானே இந்த மறுப்புக்கு வேலை?

பலிமுறைகள் நேரடியாக வந்த வழியும் தெரிகிறது. 1928இல் சிரியாக் கடற்கரையில் ஓர் உழவரின் கலப்பை கல்லறை ஒன்றின் கல்லில் இடித்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் தோண்டத் தொடங்கினார்கள். பக்கத்து மேட்டில் உகாரித் நகரம் கிடைத்தது. ஏறக்குறைய கி.மு. 1185இல் அழிந்துபோன ஊர், அதாவது பைபிளில் ஒரு வரியும் எழுதப்படாத காலம். அங்கே கிடைத்த சடங்குப் பலகைகளில் எந்த நாளில் எந்தத் தெய்வத்துக்கு எத்தனை ஆடு, எத்தனை மாடு என்ற கணக்கு இருக்கிறது. முழுவதையும் எரிக்கும் பலி ஒன்று, எல்லோரும் கூடி உண்ணும் பலி ஒன்று என்ற ஜோடி அங்கேயே உண்டு. தமிழ் பைபிளில் சமாதானபலி என்று வருவதன் எபிரெயப் பெயர், அடையாளம் தெரியும் உருவத்திலேயே உகாரித்துப் பலகைகளில் இருக்கிறது. இஸ்ரவேலர் சீனாயில் புதிதாகப் பெற்ற ஏற்பாடாக இதைக் கொள்வது கடினம். கானானின் பொதுச்சொத்து அது.

ஒன்று மட்டும் உகாரித்தில் பெரிதாகக் காணப்படவில்லை. அதுதான் இரத்தம்.

லேவியராகமத்தில் இரத்தத்துக்குத் தனி இடம். அதை உண்ணக்கூடாது, பீடத்தின் மேல் தெளிக்க வேண்டும், பீடத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள கொம்புகளில் விரலால் பூச வேண்டும். பாவநிவாரணபலி என்றதும், பாவம் செய்தவன்மேல் இரத்தத்தைத் தெளித்து அவனைக் கழுவுவதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேக்கப் மில்க்ரோம் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பலியின் இரத்தம் பாவம் செய்தவன்மேல் படுவதே இல்லை, பீடத்தின்மேல்தான் பூசப்படுகிறது. அப்படியானால் அழுக்கு எங்கே இருக்கிறது? கோயிலில். ஊரில் எங்கோ ஒருவன் செய்த தவறு தொலைவிலிருந்தே கோயிலில் படிந்துவிடுகிறது. சாதாரண ஆள் அறியாமல் செய்த தவறென்றால் முற்றத்துப் பீடம் வரை படிகிறது. சபை முழுவதும் தவறினால் உள்ளே தூபபீடம் வரை. எல்லாவற்றையும் தாண்டிய கறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்கே போய்விடும். அதைத் துடைக்கத்தான் பிரதான ஆசாரியன் ஆண்டுக்கு ஒருநாள் உள்ளே நுழைகிறான். மில்க்ரோம் கணக்கில் இரத்தம் என்பது கோயிலைச் சுத்தம் செய்யும் சோப்பு.

இந்தப் பழக்கத்துக்கு உறவு தேடினால் தெற்கே இல்லை, வடக்கே கிடைக்கிறது. துருக்கியின் அதானாவைச் சுற்றியிருந்த கிஸ்ஸுவத்னா நாட்டுச் சடங்குகளை ஹிட்டைட்டுகள் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். புதுக்கோயில் கட்டினால் விலங்கை அறுத்து, தேவியின் பொற்சிலையிலும் சுவரிலும் பாத்திரங்களிலும் இரத்தம் பூசுகிறார்கள். கோயில் சுத்தமாகிறது, கொழுப்பு எரிக்கப்படுகிறது. கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுச் சங்கதி இது. லேவியராகமம் 16இல் பாவங்களைச் சுமந்து பாலைவனத்துக்குப் போகும் போக்காட்டுக்கோ இன்னும் மூத்த உறவினர் உண்டு. சிரியாவின் எப்லாவில் 1970களில் கிடைத்த ஆவணக் கிடங்கில், அரச குடும்பத் திருமணத்துக்கு முன் கல்லறை மண்டபத்தைத் தூய்மை செய்யும் சடங்கு ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளாட்டின் கழுத்தில் வெள்ளி வளையம் மாட்டி மனிதர் இல்லாத வெளிக்கு ஓட்டிவிடுகிறார்கள். மோசேயின் காலம் என்று மரபு சொல்வதற்கே ஆயிரம் ஆண்டு முந்தியது அது.

சரி, எப்லாவுக்கு யார் கொடுத்தார்கள்? இப்படியே பின்னால் போனால் எழுத்து தீர்ந்துவிடுகிறது, எலும்பு மட்டும் மிஞ்சுகிறது. மனிதன் வேட்டையாடிய காலத்துக் குற்ற உணர்வே பலியின் விதை என்று 1972இல் வால்ட்டர் புர்க்கெர்ட் வாதாடினார். படிக்கச் சுவையான புத்தகம்தான், எபிரெயப் பலிபீடத்தின் முன் அந்த வாதம் நிற்கவில்லை. மானும் கலைமானும் சுத்தமான விலங்குகள், தாராளமாகத் தின்னலாம் என்கிறது உபாகமம். ஆனால் பீடத்தில் ஏற முடியாது. மாடு, செம்மறி, வெள்ளாடு, புறா, பெரும்பாலும் வீட்டில் வளர்ப்பவை. வேட்டையில் கிடைத்தது சும்மா கிடைத்தது. தாவீது ராஜா பலிக்கான களத்தையும் மாடுகளையும் இலவசமாக வாங்க மறுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். பலி மந்தைக்காரனின் கண்டுபிடிப்பு என்று அமெரிக்கச் சமய ஆய்வாளர் ஜானதன் ஸ்மித் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது.

மந்தைக்காரன் கணக்கு எலும்பில் தெரியும். ஈரானின் ஸாக்ரோஸ் மலைத்தொடரில் கஞ்ச் தரே என்னும் இடத்தில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளாட்டு எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. மெலிண்டா ஸெடரும் பிரையன் ஹெஸ்ஸியும் 2000இல் அவற்றை ஆண், பெண், வயது என்று பிரித்துப் பார்த்தார்கள். கிடாக்கள் இளவயதிலேயே அறுபட்டிருந்தன, பெட்டைகள் நெடுநாள் வாழ்ந்திருந்தன. குட்டி போடவும் பால் கறக்கவும் பெட்டை வேண்டும். கிடாக்களில் பொலிக்கு ஒன்றிரண்டு போதும், மற்றவை தீவனத்துக்குத் தண்டம். லேவியராகமம் தகனபலிக்கு என்ன கேட்கிறது? பழுதற்ற ஆண். பல இடங்களில் ஒரு வயது ஆண்குட்டி. பாவநிவாரணபலியில் பெட்டையும் வருவதால் இதையே முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் மந்தையில் எப்படியும் கழிக்க வேண்டிய உருப்படிகளில் மிகச் சிறந்ததைக் கடவுளுக்கு ஒதுக்கும் ஏற்பாடு, ஆடு வளர்ப்பவர்களிடமிருந்துதான் வந்திருக்க முடியும்.

சமாதானபலியில் பீடத்துக்குப் போவது இரத்தமும் உள்கொழுப்பும் சிறுநீரகங்களும் கல்லீரலின் ஒரு பகுதியும் மட்டுமே. செம்மறியானால் வாலும் சேரும். அந்த நாட்டுச் செம்மறிக்கு வாலில்தான் கொழுப்புச் சேமிப்பு, கிலோக் கணக்கில் தொங்கும். அரேபியாவில் வால் தரையில் தேயாமல் இருக்க மேய்ப்பர்கள் குட்டி வண்டி கட்டிவிடுவார்கள் என்று ஹெரொடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆசாரியனின் பங்கு போக மிச்ச இறைச்சி கொடுத்தவர்களுக்கு. அதை அன்றோ மறுநாளோ தின்று தீர்க்க வேண்டும், மூன்றாம் நாள் மிஞ்சினால் எரித்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வெயில் தேசத்தில் ஒரு மாட்டை இரண்டு நாளில் ஒரு குடும்பம் தின்ன முடியாது. உறவையும் அண்டை அயலையும் அழைத்தே ஆக வேண்டும். சேர்ந்து உண்பதே பலியின் வேர் என்று 1889இல் எழுதிய ராபர்ட்சன் ஸ்மித், பைபிளை இப்படி ஆராய்ந்ததற்காக அபர்டீன் கல்லூரிப் பதவியை 1881லேயே பறிகொடுத்திருந்தார்.

பீடங்களும் மண்ணிலிருந்து வெளியே வந்திருக்கின்றன. செதுக்காத கல்லால் கட்ட வேண்டும் என்பது யாத்திராகமத்தின் சட்டம். பெயெர்செபாவில் 1973இல் யோகனான் அகரோனி கண்டெடுத்த கொம்புள்ள பீடமோ அழகாகச் செதுக்கிய கல், அதில் ஒரு பாம்பு உருவம் வேறு. அதை யாரோ பிரித்து, கிடங்குச் சுவருக்குக் கல்லாக வைத்துவிட்டிருந்தார்கள். நெகேவில் உள்ள ஆராத் கோட்டையின் சிறு கோயிலில் கிடைத்த இரண்டு தூபபீடங்களின் உச்சியில் கருகிய படிவு அப்படியே ஒட்டியிருந்தது. 2020இல் வேதியியல் சோதனை முடிவு வந்தது. பெரியதில் தென்னரேபியாவிலிருந்து வரும் குந்திரிக்கப் பிசின், விலங்குக் கொழுப்போடு கலந்து. சிறியதில் கஞ்சா, மெல்லப் புகைவதற்காகச் சாணத்தோடு கலந்து. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் யூதா நாட்டுக் கோயிலில் கஞ்சா புகைந்ததை லேவியராகமத்தை எத்தனை முறை புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதே எட்டாம் நூற்றாண்டில்தான் தெக்கோவா ஊர்க்காரன் ஆமோஸ் ஒரு கேள்வி எழுப்பினான். வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு திரிந்தபோது நீங்கள் எனக்குப் பலி கொடுத்தீர்களா என்று கடவுள் கேட்பதாகச் சொல்கிறான். இல்லை என்பதே எதிர்பார்க்கும் பதில். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து எரேமியா இன்னும் ஒரு படி மேலே போகிறான். எகிப்திலிருந்து உங்கள் முன்னோரை அழைத்து வந்த நாளில் தகனபலி பற்றி நான் எந்தக் கட்டளையும் தரவில்லை என்கிறார் அவன் அறிந்த கடவுள். லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைச் சொன்னவன் வெளியாள் இல்லை, ஆனதோத்தின் ஆசாரியர் குடும்பத்துப் பிள்ளை. மிகைப்படுத்திப் பேசினான் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அவன் அறிந்த மரபில் சீனாயில் பலிச்சட்டம் இல்லை என்று நேராகவே எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம் என்பேன்.

இந்த முரண்பாட்டை யூத மரபு மூடி மறைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் மருத்துவராக இருந்த மைமோனிடஸ் துணிந்து ஒன்றை எழுதினார். உலகமே பலியிட்டு வணங்கிய காலத்தில், அதை அடியோடு நிறுத்தச் சொன்னால் மக்களால் முடிந்திருக்காது. எனவே கடவுள் அந்தப் பழக்கத்தைத் தம் பக்கம் திருப்பி, ஒரே இடம், ஒரே ஆசாரியக் குலம் என்று சுருக்கினார். பலியின் தொடக்கம் கட்டளையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்று ஒரு மாபெரும் ரப்பியே ஒப்புக்கொண்டதாகிறது. அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜெரோனாவில் இருந்த நக்மனிடஸ் சினந்து எழுந்தார். ஆபேலும் நோவாவும் பலியிட்டபோது உலகில் விக்கிரக வணக்கமே இல்லையே, அவர்கள் யாரைப் பார்த்து இந்தப் பழக்கத்தைப் பிடித்தார்கள் என்று மடக்கினார். நல்ல அடி. உகாரித்தும் எப்லாவும் மண்ணுக்கடியில் கிடந்த காலம் அது. இன்றைய தடயங்களை வைத்துப் பார்த்தால் கெய்ரோ மருத்துவரின் பக்கமே கனமாக இருக்கிறது.

ஒரே இடம் என்ற விதி இரும்புப்பிடியாக இறுகியதற்கு ஒரு கடிதப் போக்குவரத்து சாட்சி. எகிப்தின் அஸ்வானுக்கு எதிரே நைல் நதித் தீவான எலிபன்டைனில் யூதப் படைவீரர்களின் குடியிருப்பும் கோயிலும் இருந்தன. ஆட்டுத்தலைக் கடவுளான க்னூமின் பூசாரிகள் கி.மு. 410இல் அதை இடிக்கச் செய்தார்கள். பக்கத்துச் சுவரை ஒட்டியே ஆடு அறுத்து எரித்தால் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். கோயிலைத் திரும்பக் கட்ட அனுமதி கேட்டு, கி.மு. 407இல் தீவின் யூதர்கள் யூதாவின் ஆளுநருக்கு எழுதினார்கள். அவர்கள் கேட்டது உணவுக் காணிக்கை, தூபம், தகனபலி மூன்றையும். வந்த பதிலில் முதல் இரண்டு மட்டும் இருந்தன. ஆடு, மாடு எரிக்க மாட்டோம் என்று அவர்களே பின்னர் எழுதிக்கொடுத்தார்கள்.

எருசலேமிலோ பலி பெருகிக்கொண்டே போனது. கீதரோன் பள்ளத்தாக்குச் சரிவில் உள்ள ரோமர் காலக் குப்பைமேட்டில் கிடைத்த செம்மறி, வெள்ளாட்டு எலும்புகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. வறண்ட நிலத்துச் செடிகளில் கனமான நைட்ரஜன் ஐசோடோப்பு கூடுதலாக இருக்கும். அதை மேய்ந்த ஆட்டின் எலும்பிலும் அது பதிந்துவிடும். அந்த அளவை வைத்துப் பார்த்ததில், கணிசமான ஆடுகள் தொலைவிலுள்ள பாலைநிலங்களில் வளர்ந்து எருசலேமுக்கு ஓட்டிவரப்பட்டவை என்று தெரிந்தது. கி.பி. 70இல் தீத்துவின் ரோமானியப் படை கோயிலை எரித்ததோடு அந்த ஓட்டம் நின்றது. யூதர்களின் பலியும் அன்றோடு நின்றது. எருசலேம் கோயிலை ஒருபோதும் ஏற்காத சமாரியர்கள் மட்டும் இன்றும் நாப்லுஸ் அருகே கெரிசீம் மலையில் பஸ்கா மாலையில் ஆடுகளை அறுத்து, குழியடுப்பில் சுட்டு, விடிவதற்குள் தின்று முடித்து, மிச்சத்தை எரித்துவிடுகிறார்கள். அவர்கள் எண்ணிக்கை இப்போது எண்ணூற்றுச் சொச்சம்.